கறுப்பாகவே நின்ற சொல்

பஸ்ஸர் அலறியது.

ஏதோ மேஜை மணி போலக் கிணுகிணுக்கும் சாமான் இல்லை அது. தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடிந்ததைச் சொல்வதற்கென்று செய்தது. அதைக் கொண்டுவந்து அலுவலகத்து மேஜைமேல் வைத்து, கம்ப்யூட்டரோடு வயரால் கட்டிவிட்டிருந்தாள் சல்லடை. எதிர் மேஜையில் இருந்த கணக்குப் பிரிவு ஆள், வாய்க்குப் போக வேண்டிய டீயைச் சட்டைக்குக் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, இதுக்குப் பதிலா என் தலையில ஒரு குட்டு வைக்கலாமே."

"குட்டினா சத்தம் பத்தாது சார்," என்றாள் சல்லடை. பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பினாள். "அக்கா, இங்க வாங்க. ஒண்ணு மாட்டிக்கிச்சு."

சல்லடை என்பது பட்டப்பெயர். நிரல்களைச் சோதிப்பது அவள் வேலை. அவளிடமிருந்து ஒரு தூசிகூடத் தப்பாது என்பதால் வந்த பெயர். அவள் கூப்பிட்ட அக்காவுக்கும் பட்டப்பெயர்தான். 'கையேட்டக்கா.'

விளக்குகளையும் மோட்டார்களையும் இயக்கும் உள்ளங்கை அளவுப் பலகைகளைச் செய்து விற்கும் நிறுவனம் அது. பலகையோடு பேசுவதற்கு அவர்களே உண்டாக்கிய ஒரு குட்டி நிரல் மொழி இருந்தது. அதைப் பழகுவதற்கு இணையத்தில் ஒரு கையேடு. அந்தக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து இன்றுவரை எழுதி வருபவள் அவள்தான். அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர் இருப்பது சம்பளச் சீட்டு போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

கையேட்டில் இருந்த நிரல் உதாரணங்களெல்லாம் இத்தனை காலமும் சாம்பல் நிறப் பெட்டிக்குள் கறுப்பு எழுத்தாகவே கிடந்தன. கட்டளை எது, எண் எது, மனிதர்கள் படிப்பதற்காக எழுதிய குறிப்பு எது, எல்லாம் ஒரே கறுப்பு. 'உங்க கையேட்டைத் திறந்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு' என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியே விட்டார். வண்ணம் தீட்டுவது என்று அப்போதுதான் முடிவானது. கட்டளைகளுக்கு நீலம். எண்களுக்கு ஆரஞ்சு. குறிப்புகளுக்கு இலைப்பச்சை.

பெரிய பெரிய நிரல் மொழிகளுக்கு வண்ணம் தீட்டும் கருவிகள் கடைச்சரக்கு மாதிரி கிடைக்கும். இவர்களுடைய மொழியை வெளியில் யாருக்கும் தெரியாது. ஆகவே இது கட்டளை, இது எண் என்று கருவிக்கு இவர்களேதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"கட்டளைகளோட பட்டியல்தானே வேணும்? கையேட்டிலேயே இருக்கே, எடுத்துக்கோ," என்று கையேட்டக்கா சொல்லியிருந்தாள்.

"நீங்க எழுதினதை வச்சே நீங்க எழுதினதைச் சரிபார்க்கிறதா? எங்க மாமியார் சமைச்சு அவங்களே ருசி பார்த்து அவங்களே பிரமாதம்னு சொல்ற கதையா இருக்கு," என்று சொல்லிவிட்டு, பலகைக்குள் ஓடும் மூல நிரலிலிருந்தே பட்டியலை எடுத்தாள் சல்லடை. பலகைக்கு உண்மையிலேயே தெரிந்த கட்டளை மட்டும் நீலமாகும். தெரியாத சொல் கறுப்பாகவே நிற்கும். அப்படி ஒன்று கறுப்பாக நின்றால் பஸ்ஸர் அலற வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதுவரை அலறியதெல்லாம் கைதவறுதல்கள். திருத்திவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அலறியது எதற்கு என்று கையேட்டக்கா எட்டிப் பார்த்தாள்.

பார்த்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

'விளக்கை மெல்ல அணைப்பது' என்ற பக்கம். பழைய உதாரணங்களின் வரிசையில் அவளே மறந்துபோன பக்கங்கள் நிறைய உண்டு. மறக்காத பக்கம் இது ஒன்றுதான்.

லைட் 1 ஆன்
வெயிட் 20
ஃபேட் 1, 8
லைட் 1 ஆஃப்

விளக்கைப் போடு. இருபது விநாடி பொறு. எட்டு விநாடியில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கச் செய். பிறகு அணை. அவ்வளவுதான் நிரல். மூன்றாவது வரிக்கு மேலே இலைப்பச்சையில் ஒரு குறிப்பு: 'அறை மெதுவாக இருளட்டும். குழந்தை விழித்துக்கொள்ளக் கூடாது.'

லைட் நீலமாக இருந்தது. வெயிட் நீலமாக இருந்தது. ஃபேட் மட்டும் கறுப்பு.

"உன் பட்டியல்ல விட்டுப் போயிருக்கும்," என்றாள் கையேட்டக்கா.

"விட்டுப் போகலை அக்கா. மூல நிரல்ல இல்லை. மங்க வைக்கிறதுக்கு டிம்னு ஒண்ணு இருக்கு, அது ரெண்டு வருஷம் கழிச்சு வந்தது. ஃபேட்னு ஒரு கட்டளை நம்ம மொழியில எந்தக் காலத்துலயும் இருந்ததே இல்லை."

"இருந்திருக்கும். முதல் பலகையில இருந்திருக்கும்."

"முதல் பலகையோட நிரலையும் பார்த்துட்டேன்."

"ஓடினதுடி அது. ஓடுச்சுன்னு ஒருத்தர் எழுதியே இருக்கார்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் பக்கத்தின் அடியைப் பார்த்தார்கள். அங்கே ஒரே ஒரு வாசகர் பின்னூட்டம். அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பின்னூட்டம்.

'உங்கள் உதாரணத்தைப் பார்த்துச் செய்தேன். விளக்கு மெல்ல மெல்ல அணைந்தது. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. நன்றி.'

எழுதியவர் ஒரு நாடக அரங்கின் விளக்குக்காரர். இப்போது கையேட்டக்காவின் கணவர்.

சல்லடைக்கு ஒரு பழக்கம். சந்தேகம் வந்தால் வாயால் பேச மாட்டாள், கையால் செய்து பார்ப்பாள். அடி டிராயரைத் துழாவி, ஓரம் பழுத்துப்போன முதல் பலகை ஒன்றை எடுத்தாள். ஒரு சின்ன விளக்கைப் பொருத்தினாள். நான்கு வரிகளையும் அப்படியே ஏற்றினாள்.

விளக்கு எரிந்தது. இருபது விநாடி எரிந்தது. பிறகு 'டக்'கென்று அணைந்தது.

"அந்தக் காலத்துப் பலகைக்குத் தெரியாத சொல் வந்தா கோபமே வராது அக்கா. அந்த வரியைத் தாண்டிப் போய்க்கிட்டே இருக்கும். மூணாவது வரியைத் தாண்டி நாலாவதுக்குப் போய் அணைச்சுடுச்சு. செய்து பார்த்தவங்க எல்லாம், விளக்கு அணைஞ்சுதா, சரின்னு போயிருப்பாங்க. அதான் இத்தனை வருஷமா யாரும் புகார் சொல்லலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மெல்ல மெல்ல அணைய வாய்ப்பே இல்லை."

கையேட்டக்கா அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் போடு."

போட்டாள். டக்.

"அக்கா, மாமா என்ன எழுதியிருக்கார்னா..."

"தெரியுது."

அந்தப் பின்னூட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போன கல்யாண நாளன்று மகள் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தது. வருகிறவர்களிடமெல்லாம், 'எங்கம்மாவுக்கு எங்கப்பா சொன்ன முதல் வார்த்தை இதுதான்' என்று காட்டுவாள். அந்த முதல் வார்த்தை பொய்யா?

இத்தனைக்கும் பொய்யே வராத மனிதர் அவர். இந்தப் புடவை எனக்கு நல்லா இருக்கா என்று கேட்டால், இல்லை என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். சொந்தக்காரர் வீட்டில் போய் உப்பு ஜாஸ்தி என்று சொன்னவர். அப்படிப்பட்டவர், அப்போது முன்பின் தெரியாத ஒருத்திக்கு ஏன் பொய் எழுத வேண்டும்? அந்தப் பக்கத்தில் எழுதியவர் பெயர்கூடக் கிடையாது. ஆணா பெண்ணா என்றே தெரிந்திருக்க முடியாது.

அச்சு இயந்திரத்தில் அந்தப் பக்கத்தை வண்ணத்தோடு ஒரு பிரதி எடுத்தாள். நீலம், ஆரஞ்சு, இலைப்பச்சை. நடுவில் ஒரு சொல் மட்டும் கறுப்பு. கையில் பிடித்துக்கொண்டு தலைவர் அறையை நோக்கி நடந்தாள்.

நடக்கிற அந்தத் தாழ்வாரத்தில் ஏசி ஓடியது, தரை கண்ணாடியாக மின்னியது. இதுவா அன்றைக்கு இருந்த இடம்? அப்போது அலுவலகம் என்பது டயர் கடைக்கு மேல் ஒற்றை அறை. மாடிப்படி ஏறும்போதே ரப்பர் வாடை மூக்கில் ஏறும். மழைக்காலத்தில் ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். நான்கு பேர், மூன்று நாற்காலி. யாராவது ஒருவர் எப்போதும் நின்றுகொண்டே யோசிப்பார். அநேகமாக அது இவள்தான். கையேடு எழுதுகிற பெண்ணுக்கு எதற்கு நாற்காலி என்பது மற்றவர்கள் கட்சி. பலகைகளும் அப்போது எண்ணிக்கையில்தான் வரும், வந்ததெல்லாம் விற்கப் போய்விடும். நிரலை எழுதுகிறவர் சொல்வதைக் கேட்டுத்தான் இவள் கையேடு எழுத வேண்டும். செய்து பார்க்கப் பலகை கிடைக்காது.

வீட்டிலும் அதே நெருக்கடிதான். பிரசவத்துக்கு வந்த அவள் அக்கா, அவளுடைய அறையில் கைக்குழந்தையோடு படுத்திருப்பாள். விளக்கை அணைக்கிறபோது 'டக்'கென்று ஒரு சத்தம், அந்த இருட்டு வந்து விழுகிற வேகம், உடனே குழந்தை வீறிடும். 'அணைக்காதேடி, எரியட்டும்' என்பாள் அக்கா. 'எரிஞ்சா எனக்குத் தூக்கம் வராது' என்பாள் இவள். மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வந்து எழுதியதுதான் அந்த உதாரணம்.

எழுதி முடித்த வாரம்தான் பெரிய முதலாளி மாடிக்கு வந்தார். 'இதையெல்லாம் யாரு படிக்கிறா? பலகை வாங்கினவன் போன் பண்ணிக் கேட்டுப்பான்' என்றார். எல்லாப் பக்கத்துக்கும் அடியில் ஒரு பெட்டியைப் போடச் சொன்னார். 'இந்தப் பக்கம் பயன்பட்டதா? எழுதுங்கள். யாருக்கும் பயன்படாத பக்கங்கள் இம்மாத இறுதியில் நீக்கப்படும்.' பக்கங்கள் போனால் பக்கத்தை எழுதுகிறவளுக்கு என்ன வேலை? அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நாள் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பெட்டியிலும் ஒரு எழுத்து விழவில்லை. மேஜையைக் காலி செய்துவிடலாம் என்று அவள் டிராயரைத் திறந்த அன்றுதான் விழுந்தது. அரங்கில் ஒருவர்கூட இருமவில்லை. நன்றி.

பெரிய முதலாளி அதை இரண்டு முறை படித்தார். 'அட, நாடகக்காரங்ககூட வாங்குறாங்களா?' என்றார். கையேடு பிழைத்தது. இவளும் பிழைத்தாள்.

நன்றி சொல்லி இவள் பதில் எழுதினாள். அவர் ஒரு சந்தேகம் கேட்டார். இவள் விளக்கினாள். அவர் இன்னொரு சந்தேகம் கேட்டார். கேள்வியும் பதிலும் ஊரறியக் கேள்விப் பகுதியில்தான் நடந்தன. அலுவலகமே நின்று படித்தது. 'இந்த ஆளுக்கு மோட்டாரே கிடையாது, மோட்டாரைப் பத்தி ஏன் கேக்கறான்?' என்று முதலில் மோப்பம் பிடித்தது டயர் கடைக்காரர். பிறகு ஒரு மழை நாளில், சட்டைப் பையில் ஒரு ஃப்யூஸோடு, மாடிப்படி ஏறி நேரிலேயே வந்துவிட்டார் விளக்குக்காரர். அதற்குள் அந்த நாடகம் முடிந்து குழுவும் கலைந்திருந்தது. விளக்கு மெல்ல அணைந்ததை இவள் கண்ணால் பார்க்கவே இல்லை.

தலைவரின் அறைக் கதவு திறந்தே இருந்தது.

அந்த நாளில் நிரல் மொழியை எழுதியவர் இவர்தான். இப்போது நிறுவனத்துக்கே தலைவர். முதுகுக்குப் பின்னால் 'நாளைக்கு சார்.' எதைக் கேட்டாலும் வரும் பதில் அதுதான் என்பதால்.

"ஃபேட்டா?" கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். "அது இருக்கே."

"இல்லை சார்."

"நான் போட்டேனேம்மா."

"நீ எழுதிடு, நான் போட்டுடறேன்னு சொன்னீங்க. அடுத்த வாரம் கேட்டேன், போட்டாச்சும்மான்னு சொன்னீங்க. போடலை."

தன் கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். ரொம்ப நேரம் தேடினார். தேடத் தேட அவர் முகத்தில் இருந்த தலைவர் இறங்கி, டயர் கடை மாடியில் இருந்த ஆள் ஏறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போட்டுடலாம்னு நினைச்சிருப்பேன்."

"அந்த நாளைக்கு இன்னும் வரலை சார்."

"டிம் மட்டும் எப்படி வந்துச்சு அப்புறம்?" தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டார்.

"அதை உங்க அசிஸ்டென்ட் போட்டார்."

"அதான் வந்திருக்கு." கண்ணாடியை இறக்கினார். "தப்பு என்னோடதுதான். ஆனா ஓடாத உதாரணம் வண்ணம் போட்ட புதுக் கையேட்டுக்குப் போகக் கூடாது, இது நீயே போட்ட சட்டம்."

"பக்கத்தைப் பத்தி நான் கேக்க வரலை சார்." அவள் காகிதத்தின் அடியில் விரலை வைத்தாள். "இதைப் பத்திக் கேக்க வந்தேன். என் வேலை போயிடுமேன்னு நீங்க யாராவது மாடியிலேயே உக்காந்து இதை எழுதி, அப்புறம் அவரைப் பிடிச்சு எழுதினதா சொல்லச் சொன்னீங்களா? நீங்க எழுதினீங்களா?"

நாளைக்கு சார் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னைப் பாரும்மா. நான் யாருக்காவது நன்றின்னு எழுதிப் பார்த்திருக்கியா?"

அது சரியாகத்தான் பட்டது.

"உன் வீட்டுக்காரரையே கேளு," என்றார். "இதுல போய் என்னை ஏன் மாட்டி விடறே?"

சீக்கிரமே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. மகள் போனில் கூப்பிட்டாள். சல்லடை அதற்குள் அவளிடமும் வத்தி வைத்திருந்தாள்.

"அம்மா, அப்போ அப்பா உன் புரோகிராமை ஓட்டியே பார்க்காம கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

"வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

"அந்த ஃப்ரேமைக் கழட்டிடட்டுமா?"

"தொடாதே," என்றாள். சொன்ன வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நாலு நிறுத்தம் தாண்டியபின் சல்லடையிடமிருந்து செய்தி. 'அக்கா, அதிசயம். நாளைக்கு சார் அவரே வந்து என் நாற்காலியில உக்காந்து, ஃபேட்டை மொழியில சேர்த்துட்டுப் போயிட்டார். ஃபேட்னு சொன்னா டிம் செய்யும். பக்கத்துல நீலமாயிடுச்சு. பலகையில ஓட்டியும் பார்த்துட்டேன், வெண்ணெய் மாதிரி அணையுது. பஸ்ஸர் வாயைத் திறக்கலை. பக்கம் பிழைச்சுது.'

கூடவே படம் ஒன்று. நான்கு வரிகளும் வண்ணத்தில். ஒரு கறுப்புச் சொல் இல்லை.

மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நீலமானது இன்றைக்கு. அவர் எழுதியது அன்றைக்கு. பக்கம் பிழைத்துவிட்டது, பின்னூட்டம் பிழைக்கவில்லை. கைப்பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தில் அந்தச் சொல் இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது.

அரங்கத்தின் பின்வாசல் திறந்திருந்தது. அன்றைக்கு நாடகம் இல்லை. மேடை நடுவே ஏணி, ஏணி மேல் அவள் கணவர். விளக்கின் கண்ணாடியை ஒரு பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. சட்டைப் பையில் இப்போதும் ஒரு ஃப்யூஸ்.

"என்ன, இந்நேரத்துல? பொண்ணுக்கு உடம்பு ஏதாவது?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். இறங்கி வாங்க."

"இது ஒண்ணை முடிச்சுட்டு..."

"இறங்கி வாங்கன்னா."

இறங்கி வந்தார். காகிதத்தை நீட்டினாள். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம பக்கம். கலர் போட்டாச்சா? நல்லா இருக்கே." தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆனா இந்தக் குறிப்புக்குப் பச்சை எடுக்கலை. நீலத்துக்குப் பக்கத்துல செத்துப் போச்சு."

பொய் சொல்லத் தெரியாத அதே ஆள்.

"இந்த ஒண்ணு மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?" என்று அவரே கேட்டார்.

"அப்படி ஒரு கட்டளையே இருந்ததில்லை. அதனால."

அவர் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார்.

"இன்னைக்கு முதல் பலகையில போட்டுப் பார்த்தோம். டக்குன்னு அணையுது. நீங்க மெல்ல மெல்ல அணைஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. சுவத்துல மாட்டி வச்சிருக்கோம். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டறோம். நிஜமாவே பலகை வாங்கினீங்களா? இல்லை, சும்மா எழுதினீங்களா? என்னன்னாலும் பரவாயில்லை. எனக்குத் தெரியணும்."

"பரவாயில்லைன்னு சொல்ற மூஞ்சியா இது?"

"பேச்சை மாத்தாதீங்க."

"சரி. அங்க போய் உக்காரு." மேடைக்கு எதிரே இருந்த காலி இருக்கைகளைக் காட்டினார். "மூணாவது வரிசை. நடுவுல."

"நான் கேட்டதுக்குப் பதில்..."

"அதைத்தான் சொல்லப் போறேன். எனக்கு வாயால சொல்ல வராது, உனக்குத் தெரியும்ல?"

போய் உட்கார்ந்தாள். இருக்கை கிரீச்சிட்டது. அவர் பக்கத்துத் திரைக்குப் பின்னால் போனார். எதையோ இழுக்கிற சத்தம், தூசியில் ஒரு தும்மல், பிளக் ஒன்று மாட்டுகிற சத்தம். அரங்கத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மேடை நடுவில் ஒரு குண்டு விளக்கு மட்டும் எரிந்தது.

கொஞ்ச நேரம் அது சும்மா எரிந்துகொண்டிருந்தது. பிறகு, எப்போது ஆரம்பித்தது என்றே தெரியாமல், மங்க ஆரம்பித்தது. வெள்ளை மஞ்சளானது. மஞ்சள் பழுத்துச் சிவந்தது. கடைசியில் உள்ளே இருந்த கம்பி மட்டும் ஒரு நூல்போலத் தெரிந்து, அதுவும் போயிற்று. அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். இருமல் வந்திருந்தாலும் இருமியிருக்க மாட்டாள்.

எந்தப் பலகையும் இப்படி அணைக்காது என்று அவளுக்குத் தெரியும். பலகை அணைத்தால் ஒரே சீராக அணையும். இது கடைசியில் கொஞ்சம் தயங்கியது.

"இது கை," என்றாள் இருட்டைப் பார்த்து.

"கைதான்." குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. "வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய திருகு. இங்கதான் கிடக்குது, தூக்கிப் போட மனசு வரலை. இதை எடுத்துட்டுப் பலகை வைக்கணும்னுதான் அன்னைக்கு வாங்கினோம். கடைசிக் காட்சியில கடைக்காரக் கிழவர் கடையை மூடறார். உன் பக்கத்தைப் பார்த்துட்டு, விளக்கு மெல்ல அணையும்னு டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஒத்திகையில உன் நாலு வரியைப் போட்டேன். டக்குனு போச்சு. டைரக்டர் என்னைக் கண்டபடி திட்டினார். என் வயரிங்ல கோளாறுன்னு நினைச்சு மாத்தி மாத்திப் போட்டேன். நடக்கலை. நாடகத்தன்னைக்குத் திருகைத் திரும்ப மாட்டிக்கிட்டு, இந்தத் திரைக்குப் பின்னாடி குந்திக்கிட்டு, நானே அணைச்சேன். நாடகம் நடந்த அத்தனை நாளும்."

"அப்போ ஓடலைன்னு எழுதியிருக்கலாமே. நாங்க திருத்தியிருப்போமே."

"எழுதத்தான் உக்காந்தேன். அடியில பார்த்தா, யாருக்கும் பயன்படாட்டி பக்கத்தை எடுத்துடுவோம்னு போட்டிருந்துச்சு. குழந்தை முழிச்சுக்கக் கூடாதுன்னு அந்தக் குறிப்பு வேற. கம்பெனிக்காரன் எவனும் அப்படி எழுத மாட்டான். இதை எழுதின ஆளு யாரோ, எங்கேயோ தூக்கமில்லாம கிடக்குதுன்னு தோணுச்சு. எனக்கு அந்தப் பக்கம் பயன்பட்டுச்சு. அது பொய்யில்லை."

"எப்படிப் பயன்பட்டுது? ஓடவே இல்லையே?"

"அதுக்கு முன்னாடி நானும் அந்த விளக்கை டக்குனுதான் அணைச்சுக்கிட்டு இருந்தேன்."

திருகு லேசாகத் திரும்பும் சத்தம் கேட்டது. மேடையில் அந்தக் கம்பி மறுபடி நூலாகச் சிவந்தது. அதன் வெளிச்சத்தில் திரையை விலக்கிக்கொண்டு, கையில் மடித்த காகிதத்தோடு அவர் எட்டிப் பார்த்தார்.

"மெல்ல அணையணும்னு நீ எழுதியிருந்தே. பலகை கேக்கலை. நான் கேட்டேன்."